மார்ச் வரைக்கும் கட்டியாச்சு

அக்டோபர் 6, திங்கள்

இன்று எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அம்மா தறிக்குப் போயிருந்தாள். நான் உள்ளே போர்வைகளுக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தேன். வெளியே யாரோ, "மாதேஸ்வரன்! மாதேஸ்வரன் வீட்ல யாருங்க?" என்று சத்தம் போட்டார்கள். அப்பாவின் பெயரை எங்கள் வாசலில் ஒருவர் கூப்பிட்டு நாளாயிற்று. எழுந்து கதவு வரை போனேன். தாழ்ப்பாளில் கையும் வைத்தேன். திறக்கவில்லை. ஆள் பேச்சு கேட்டால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். நகராட்சி பில் கலெக்டர் வின்சென்ட் சார். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா அவரிடம், "பொம்பளப்புள்ள மட்டுந்தான் இருக்கும் சார். அவரு கரூர்ல வேலைக்குப் போயிருக்காரு" என்றார்.

"கரூர்ல இருந்தா என்னங்க, காசியில இருந்தா என்னங்க? வரி வீட்டுக்குத்தானே!"

அவர் பசை தடவினார். வெளியே அவர் கை தேய்ப்பது உள்ளே என் உள்ளங்கையில் தெரிந்தது.

ஐந்து அரையாண்டுகளாகச் சொத்து வரி பாக்கியாம். இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்களாம். அம்மா வருவதற்குள் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பாதிதான் வந்தது. மீதி கதவிலேயே ஒட்டிக்கொண்டது. "மாதேஸ்வரன்" என்பதும் "நிலுவை" என்பதும் தெருவிலிருந்தே தெரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா பாதி நோட்டீசையும் கதவையும் சேர்த்துப் படித்தாள்.

"எதுக்குப் புள்ள கிழிச்ச?"

"யாராவது பார்ப்பாங்கன்னு."

"முழுசா இருந்திருந்தா ஒரு தடவை படிச்சுட்டுப் போயிருப்பாங்க. இப்ப மிச்சத்த எங்கன்னு வந்து கேப்பாங்க."

இரவு சோறு போடும்போது அவளாகவே, "அவரு பேருக்கு வந்தது. அவரே வந்து கட்டட்டும்" என்றாள். குழம்பு ஊற்றும்போது, "தண்ணியக் குடிக்கிறது நாமதான்" என்றாள். தறிக்காரர் தீபாவளிக்குத் தரும் போனசை வரிக்குக் கொடுத்துவிடலாம் என்று படுக்கப் போகும்போது சொன்னாள். அந்தப் பணத்தில் தோள்பட்டைக்கு டாக்டரைப் பார்ப்பதாகப் போன மாதம் சொல்லியிருந்தாள். நான் நினைவுபடுத்தவில்லை.

அப்பா இருந்தபோது வரி எப்போது கட்டினார், எங்கே கட்டினார் என்றே எங்களுக்குத் தெரியாது. அவர் கரூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கே லீவு கிடைப்பதில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது. கரூரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று அம்மா சொல்வாள்.

அக்டோபர் 11, சனி

தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரத்திலும் பிடித்தேன். போர்வைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு போர்வையில் குஞ்சம் சிறிதும் பெரிதுமாக இருக்கிறது என்றார். பிரித்து மறுபடி முடிந்தேன்.

தெருவில் மோனிஷா சைக்கிளில் போனாள். பதினொன்றாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு வரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள், "எங்க சித்தியும் உங்கப்பாவும்" என்று ஆரம்பித்தாள். மீதியை எழுதப்போவதில்லை. எனக்கு அடிக்கடி தலைவலி வந்ததால்தான் படிப்பை நிறுத்தினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

போனஸ் வந்துவிட்டது. அம்மா பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். புதுத்துணி இந்த வருடம் வேண்டாம் என்று நானே சொன்னேன். அவள் சொல்வதற்குள் சொல்ல வேண்டும் என்றுதான் அவசரமாகச் சொன்னேன்.

அவளுக்கு லீவு கிடைக்காது. தீபாவளி முடிந்ததும் நான்தான் நகராட்சிக்குப் போய்க் கட்ட வேண்டும். தனியாக.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ருக்குமணி அக்கா வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பட்டாசுப் புகையில் யார் வந்தாலும் ஒரு நிமிடம் அப்பா மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 22, புதன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

பேருந்தில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "வணக்கங்க. சொத்து வரி கட்ட வந்திருக்கேனுங்க. இதுதானுங்க பழைய ரசீது." மூன்று வாக்கியம்தான். கவுண்டர் வரிசையில் நின்றபோது முதல் வாக்கியமே மறந்துவிட்டது.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கவுண்டருக்குள் இருந்த அலுவலர் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கூட்ல மூணு ரூம்புதானுங்க. நீங்க நாலுன்னு போட்டு வரிய ஏத்திட்டீங்க."

"பின்னால ஒண்ணு இருக்குதுன்னு அளந்தவங்க எழுதியிருக்காங்களே."

"அது மாட்டுக் கொட்டாயிங்க!"

"கான்கிரீட் போட்டுட்டீங்க, டைல்ஸ் ஒட்டிட்டீங்க. அப்புறம் மாடு இருந்தா என்னங்க, மனுசன் இருந்தா என்னங்க?"

"சரி, அந்த ரூம்பு வரிய மாட்டுக்கிட்டயே வந்து வாங்கிக்கங்க."

வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதில் பயம் கொஞ்சம் போனது.

என் முறை வந்ததும் ஒன்றும் பேசாமல் பழைய ரசீதை உள்ளே நீட்டினேன். அந்த அம்மா எண்ணைக் கணினியில் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"மாதேஸ்வரன்தானே? இதுல பாக்கியே இல்லையே பாப்பா."

"நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நோட்டீஸ் அப்ப ஒட்டியிருப்பாங்க. போன வாரம் ஆன்லைன்ல கட்டியாச்சு. பழைய பாக்கி, இந்த அரையாண்டு, எல்லாமே. மார்ச் வரைக்கும் கட்டியாச்சு. குடிநீர்க் கட்டணமும் கட்டியிருக்காங்க. உங்க வீட்லதான் யாரோ கட்டியிருக்காங்க, உனக்குச் சொல்லல போல."

நகல் எடுத்துக் கொடுத்தார். நான் வரிசையை விட்டு நகர மறந்து நின்றேன். பின்னால் இருந்தவர், "நடம்மா, மத்தவங்க கட்ட வேண்டாமா?" என்றார்.

அப்பா! வேறு யாராக இருக்க முடியும்? வீட்டு வரி எண் எங்களை விட்டால் அவருக்குத்தான் தெரியும். அவர் எங்களை மறக்கவில்லை. இவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் எங்கள் தண்ணீரை நிறுத்தப்போகிறார்கள் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு கட்டியிருக்கிறார். பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தேன். அம்மாவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கினேன்.

அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாப் பாக்கியுமா?"

"எல்லாமேம்மா. மார்ச் வரைக்கும்."

"மார்ச் வரைக்குமா?"

"ஆமாம்மா. தண்ணிக்கும் சேர்த்து."

நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பூவை வைத்துக்கொள்ளவில்லை. நல்லது செய்தால்கூட அப்பாவை அவளுக்குப் பிடிக்காது.

அக்டோபர் 23, வியாழன்

அம்மா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலிலும் போகிறவள். காலையிலேயே ருக்குமணி அக்கா வீட்டுக்குப் போய் நெடுநேரம் இருந்தாள். நான் போனதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

போனஸ் பணம் மிச்சமாகிவிட்டதே, தோள்பட்டைக்கு டாக்டரிடம் போகலாம் என்றேன். "இருக்கட்டும், தொடாத" என்றாள்.

அப்பா வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். "வரி கட்டினதுக்கு நன்றிப்பா" என்று சொல்ல முடியுமா? அப்பாவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

அக்டோபர் 26, ஞாயிறு

மளிகைக் கடையில் வின்சென்ட் சார் நின்றிருந்தார். நான் ஓரமாக ஒதுங்கினேன். அவர் பார்த்துவிட்டார்.

"மாதேஸ்வரன் பொண்ணுதானே? ஒரே மூச்சுல கட்டிட்டீங்களே! என்ன, வீட்டை விக்கறீங்களா?"

"இல்லீங்க சார்."

"விக்கறதா இருந்தாச் சொல்லு பாப்பா, எங்க மச்சான் ஒருத்தன் தேடிட்டிருக்கான்." கடைக்காரரிடம் திரும்பிச் சிரித்தார். "இந்த வேலைல நான் கண்டது இதாங்க. தண்ணியக் கட் பண்ணுவேன்னாலும் கட்டமாட்டாங்க, வாசல்ல தண்டோராப் போட்டாலும் கட்டமாட்டாங்க. வாங்கறவன் வந்து பாக்கியில்லாத ரசீதைக் காட்டுன்னு கேட்டான்னு வைங்க, அன்னைக்கே மொத்தமாக் கட்டிருவாங்க. வரி கட்டறது குடியிருக்கறவங்க இல்லீங்க, கிளம்பறவங்க!"

அவர் எப்போதும் இப்படித்தான் விளையாட்டாகப் பேசுவார். நான் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் புளி வாங்க மறந்தது தெரிந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தன் பெயர் பொன்னுசாமி என்றார். கையில் தோல்பை. இன்னொருவர் டேப் வைத்திருந்தார். கதவு திறந்திருந்ததால் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

"அப்பா அனுப்புனாரு கண்ணு. வீட்டை ஒரு தடவ அளந்துட்டுப் போயிர்றோம்."

அப்பா அனுப்பினார் என்றதும் எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் கொடுத்தேன். டேப் வைத்திருந்தவர், "பாப்பா, இந்த நுனியச் சித்த புடி" என்றார். பிடித்தேன். முன்னறை, சமையலறை, குளியலறை, பின்வாசல். "மூலைல நல்லா அழுத்திப் புடி கண்ணு, விட்டுராத" என்றார். சுவரோடு சேர்த்து நன்றாக அழுத்திப் பிடித்தேன். அவர் சுவரிலேயே பென்சிலால் கணக்கு எழுதினார்.

போகும்போது பொன்னுசாமி, "வாங்கறவங்க வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட பார்க்க வருவாங்க. அம்மாகிட்டச் சொல்லிரு. அட்வான்ஸ் அப்பா வாங்கிட்டாரு" என்றார்.

அம்மா வந்ததும் சொன்னேன்.

"டேப்பைப் புடிச்சயா?"

"புடிக்கச் சொன்னாங்கம்மா."

"நேராப் புடிச்சயா?"

நான் தலையாட்டினேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து எங்கே அழுகை ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

சுவரில் இருந்த கணக்கை ஈரத்துணியால் துடைத்தேன். பென்சில் போய்விட்டது. துடைத்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

அக்டோபர் 29, புதன்

ருக்குமணி அக்காவுக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் போனோம். அங்கே அம்மா பேசியதை எல்லாம் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

இந்த இடம் வாங்கியது அம்மாவின் நகையில். வீடு கட்டியது மகளிர் குழுக் கடனில். அதை அவள் தறி ஓட்டி அடைத்தாள். பத்திரம் அப்பா பேரில் எழுதச் சொன்னதும் அவள்தான். "ஆம்பள பேர்ல இருந்தாத்தான் ஊருக்குள்ள அவருக்கு மரியாதைன்னு நெனச்சேனுங்க."

"பத்திரம் எங்க இருக்குது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"அவரு போன அன்னைக்கே பெட்டில இல்லீங்க. திறந்து பார்த்தேன். பார்த்துட்டு மூடிட்டேன்."

"அப்பவே வந்திருக்கலாமே?"

"வேலைக்குத்தான போயிருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேனுங்க. வக்கீலைப் பார்க்கப் போனா எதுக்குன்னு கேப்பாங்களே."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். பத்திரம் அவர் பேரில் இருக்கிறது, கேஸ் போடலாம், நாளாகும் என்றார். "அதுவரைக்கும் வீட்டை விட்டு வெளிய வந்துராதீங்க. வாங்க வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லுங்க. பொண்டாட்டி புள்ளை குடியிருக்குது, காலி பண்ண மாட்டாங்கன்னு தெரிஞ்சா பாதிப் பேரு பத்திரம் பண்ண வரமாட்டாங்க. வரி, கரண்டு பில்லு எல்லாம் நீங்க கட்டுனதுக்கு ரசீது இருக்குதா?"

"கரண்டுக்கு இருக்குதுங்க. வரியை அவரே கட்டிட்டாருங்க. ஆன்லைன்ல."

"அங்கதான் இடிக்குது. இந்த வீட்டை நான்தான் பார்த்துக்கறேன்னு அவரு அதைக் காட்டுவாரு."

போனஸ் வந்த அன்றே போயிருந்தால் நாங்களே முந்திக் கட்டியிருக்கலாம். நான்தான் தீபாவளி முடியட்டும் என்றேன், கூட்டமாக இருக்கும் என்று.

அக்டோபர் 31, வெள்ளி

குஞ்சம் முடிந்தேன். அம்மா வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

நவம்பர் 2, ஞாயிறு

அவர்கள் காரில் வந்தார்கள். வாங்குகிறவர், அவர் மனைவி, புரோக்கர் பொன்னுசாமி. அந்த அம்மாவின் பெயர் தங்கமணி. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ருக்குமணி அக்கா துணி காயப்போடுகிற சாக்கில் எங்கள் வாசலிலேயே நின்றார்.

நேற்றிலிருந்து அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவுண்டருக்குப் போனபோது சொல்லிப் பார்த்த மாதிரியே. நல்ல சேலை கட்டியிருந்தாள். குங்குமம் பெரிதாக வைத்திருந்தாள்.

தங்கமணி அம்மா நல்லவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். சமையலறையைப் பார்த்தார். "சாமி மூலை நல்லா வெளிச்சமா இருக்குதுங்க" என்றார். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பழைய வீடு வாங்கறப்ப கேக்கோணும்னு எங்க மாமியா சொல்லி விட்டாங்க. இது வாழ்ந்த வீடுதானுங்களே?"

தெரு முழுவதும் காது கொடுத்து நின்றது. அம்மா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க. நல்லா வாழ்ந்தோமுங்க. ஒரு குறையும் இல்லீங்க. அவருக்குக் கரூர்ல பெரிய வேலைங்க. வரப்போக இருக்க முடியல. அதான் நாங்களும் அங்கயே..."

அவள் நிறுத்த நினைக்கிறாள், முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டரை வருடமாகச் சொன்னது தானாக வந்துகொண்டே இருந்தது. பொன்னுசாமி, "நாந்தான் சொன்னனுங்களே, குடும்பத்தோட ஷிப்ட் ஆகறாங்க" என்றார். தங்கமணி அம்மா கணவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நாங்க எங்கயும் போகலீங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தேன்.

"எங்கப்பா வேலைக்குப் போகலீங்க. எங்களை விட்டுட்டுப் போயிட்டாருங்க. அங்க இன்னொருத்தங்ககூட இருக்காருங்க. எங்களுக்கு வேற வீடு இல்லீங்க. வீட்டை விக்கறாருன்னு அளக்க ஆளு வந்த பின்னாலதானுங்க எங்களுக்கே தெரியும்."

இதை இந்த நோட்டில்கூட நான் இதுவரை எழுதியதில்லை.

அம்மா, "பவா" என்றாள். அதட்டவில்லை. கூப்பிட மட்டும் செய்தாள்.

"சின்னப்புள்ள, வெவரம் தெரியாமப் பேசுதுங்க" என்றார் பொன்னுசாமி. "பத்திரம் அவரு பேருல சுத்தமா இருக்குது. வரி பாக்கிகூட இல்லீங்க, மார்ச் வரைக்கும்..."

"நீங்க சும்மா இருங்க" என்றார் தங்கமணி அம்மா. அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரிடம், "எந்திரிங்க. ஒரு பொம்பள கண்ணைத் தொடைச்சுட்டு எறங்கிப்போற வீட்ல நாம ஏறிப் பொழைக்க முடியாது. அட்வான்சைத் திருப்பி வாங்குங்க" என்றார்.

அவர் தயங்கினார். "இடம் நல்ல இடம் தங்கம்..."

"இடம் நல்லாத்தான் இருக்குது. நீங்க எந்திரிங்க."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "வீடு வேண்டாமுங்க. குங்குமம் குடுங்க, வெச்சுட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிமிழை எடுத்து நீட்டினாள். கொஞ்சம் கீழே சிந்தியது.

நவம்பர் 3, திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை.

நவம்பர் 5, புதன்

இன்றும் பேசவில்லை. சோறு போட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறாள். தறியில் எல்லோரும் விசாரித்தார்களாம். யாரோ ஒருத்தி இரக்கப்பட்டுத் தன் டிபன் டப்பாவிலிருந்து இவளுக்கு முட்டை எடுத்து வைத்தாளாம். ருக்குமணி அக்காவிடம் அதைச் சொல்லி அழுதாள். நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச சாரதா? தெருப்பூராத் தெரியும். நீயாச் சொல்லட்டும்னுதான் கரூரு, கரூருன்னு நாங்களும் சேந்து சொல்லிட்டிருந்தோம்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"நீ சிக்னல் கிடைக்கலன்னு சொன்னயே, அப்ப இருந்து. கரூர்ல சிக்னல் கிடைக்காதா சாரதா? அதென்ன காடா?"

அம்மா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

நவம்பர் 8, சனி

அப்பா வந்தார்.

மெலிந்திருந்தார். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன். இவ்வளவு நாள் நினைத்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வரவில்லை.

"வளந்துட்டயே" என்றார். பிறகு என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்துப் பேசினார். "சாரதா. நீங்க பண்ணுன வேலைக்கு அவன் அட்வான்சைத் திருப்பிக் கேட்டு உசுர வாங்கறான். வித்துருவேன்னு நம்பித்தான் வரியக் கட்டுனேன். குடியிருக்கறது நீங்க, கட்டறது நானா? அந்தக் காசைக் குடுத்துரு."

அம்மா முன்னறைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஏன் வந்தாய், ஏன் போனாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் போனஸ் பணத்தை எடுத்து வந்தாள். என் கையில் கொடுத்து, "குடுத்துரு கண்ணு" என்றாள். ஆறு நாளைக்குப் பிறகு என்னோடு பேசியது அதுதான்.

அப்பா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ரசீது எழுதிக் குடுங்கப்பா."

"என்னது?"

"வரிப் பணம் வாங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அப்பா சிரித்தார். "அப்பங்கிட்டயே ரசீது கேக்கறயா? யாரு சொல்லிக் குடுத்தா? உங்கம்மாவா?"

"நகராட்சில பணத்தை வாங்கிட்டு ரசீது குடுக்கறாங்கப்பா. நீங்களும் குடுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். தெருவில் ருக்குமணி அக்கா வந்து நின்றார். இன்று துணியெல்லாம் கொண்டுவரவில்லை, சும்மாவே நின்றார். அப்பாவுக்குப் பணம் அவசரம் போல. நான் இந்த நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதினார். எழுதி நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தது.

"எதுக்குன்னு எழுதுங்கப்பா. இந்த வீட்டுச் சொத்து வரிக்கு. மார்ச் வரைக்கும்."

எழுதினார்.

"யாருகிட்ட இருந்துன்னு எழுதுங்க."

"சாரதாமணின்னு எழுதுனாப் போதுமா?"

"மனைவி சாரதாமணின்னு எழுதுங்கப்பா."

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரத்தில் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தலை குனிய வேண்டும் போலத்தான் இருந்தது. குனியவில்லை. அவர் மெதுவாக அந்தச் சொல்லை மேலே சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டார். பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் திணித்தார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டு மூன்று தடவை உதைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் போன பிறகு தாளை அம்மாவிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் காட்டலாம் என்றேன். இன்னொருவன் வாங்க வருவானா என்று கேட்டேன். "வருவான். வரட்டும். நாம இங்கதான இருக்கப்போறோம்" என்றாள். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே நிலைப்படியில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"உங்கப்பன் கையெழுத்து இன்னமும் அழகாத்தான் இருக்குது" என்றாள்.